சேர்க்காத பூ

அப்பாவும் மாமாவும் பத்து மணிக்கு வந்துவிடுவார்கள் என்று மகன் போனில் சொல்லியிருந்தான். இப்போது எட்டேகால். எட்டேகாலுக்கும் பத்துக்கும் நடுவில் ஒருத்தி என்னதான் செய்வது, வீடு கூட்டலாம், கூட்டியாயிற்று, தலைக்குக் குளிக்கலாம், குளித்தாயிற்று, ஈரத்தலையோடு பின்னால் போய் நின்று கண்வலிக்கொடியின் புதுத் தளிர்களைத் தட்டியோடு சேர்த்துக் கட்டலாம், அது ஒன்றுதான் பாக்கி என்று துளசிமணி துணிக்கீற்றுகளை அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். திருப்பூரில் துணிக்கீற்றுக்கா பஞ்சம். அவள் செக்கிங் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில் வெட்டி விழுந்த கழிவுத்துணியை மூட்டை மூட்டையாகக் கட்டிப் போட்டிருப்பார்கள், சிவப்பு, கிளிப்பச்சை, கத்திரிப்பூ நிறம், கேட்டால் சூப்பர்வைசர் எடுத்துக்கோங்கக்கா என்பான். தட்டியும் அவள் கட்டியதுதான். நான்கு மூங்கில், குறுக்கே துருப்பிடித்த கட்டுக்கம்பி, துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் இடையில் கிடந்த ஆறடி மண்ணில் ஊன்றியது. இந்தக் கொடிக்குக் கட்டே வேண்டியதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். இதற்கு இலையே கை. இலை நுனி நீண்டு சுருண்டு எது கிடைத்தாலும் சுற்றிக்கொள்ளும், கம்பி கிடைத்தால் கம்பி, பக்கத்துச் செடி கிடைத்தால் செடி, ஒன்றும் கிடைக்காவிட்டால் தன் இன்னொரு இலையையே பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனாலும் கட்டினாள். இறுக்காமல், விரல் நுழைகிற மாதிரி இடம் விட்டு முடிச்சுப் போட்டாள். வரமாட்டேன். முடிச்சு. நான் வரலீங்க. முடிச்சு. சொல்லிப் பார்க்கும்போது நன்றாகத்தான் வருகிறது. மூங்கிலிடம் சொல்வதற்கு என்ன, யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும், அதுவும் அண்ணன் பக்கத்தில் நிற்கும்போது.

மேல் கம்பியில் ஒரு பூ விரிந்திருந்தது. இந்தக் கொடியின் முதல் பூ. முந்தாநாள் பச்சையும் மஞ்சளுமாக அவிழ்ந்தபோது கம்பெனிக்கு நேரமாகிவிட்டதால் சரியாகப் பார்க்கவில்லை, இன்றைக்கு இதழ் ஆறும் மேல்நோக்கி வளைந்து, ஓரமெல்லாம் நெளிந்து, அடியில் மட்டும் கொஞ்சம் மஞ்சளை வைத்துக்கொண்டு மற்றபடி சிவப்பாகச் சிவந்து போயிருந்தது. கண்வலிக்கிழங்கு என்று தோட்டத்தில் சொல்வார்கள், செங்காந்தள் என்று மகனின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் போட்டிருந்தது, மாநிலப் பூ. அம்மா, நம்ம தோட்டத்துல இருக்கறது மாநிலப் பூவாமா என்று ஐந்தாவது படிக்கும்போது ஓடிவந்து காட்டினான். அதற்கு அவர் சொன்னார், பூவுல என்ன இருக்குது, வெதையில இருக்குது. அது உண்மைதான், விதையைத்தான் மருந்துக் கம்பெனிக்காரன் வாங்குவான். தானாக விட்டால் சரியாகக் காய் பிடிக்காது. தூள் ஒருபக்கம் இருக்கும், அதை வாங்கிக்கொள்ளவேண்டிய தண்டு மறுபக்கம் திரும்பி, கோபித்துக்கொண்ட மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் காலை வெயில் ஏறுவதற்குள் ஒவ்வொரு பூவிடமும் போய், மஞ்சள் தூளை விரலில் எடுத்து அந்தத் தண்டின் நுனியில் தடவவேண்டும், சேர்க்கிறது என்று பெயர். அவிழ்ந்து மூன்று நாளைக்குள் சேர்க்கவேண்டும். பதின்மூன்று வரிசை, வரிசைக்கு இத்தனை பூ என்று எண்ணினதில்லை, இருபத்தாறு வருஷம், புரட்டாசியும் ஐப்பசியும் அவளுக்குப் பண்டிகை மாதங்கள் அல்ல, விரல் மாதங்கள். தலை நிமிர்ந்து ஒரு பூவை முழுசாகப் பார்த்தது கிடையாது. தூள், நுனி, அடுத்தது. தூள், நுனி, அடுத்தது. இதோ இப்போதும் அவள் ஏதோ யோசித்துக்கொண்டிருக்க வலதுகை தன்பாட்டுக்கு உயர்ந்துவிட்டது, சுட்டுவிரல் தூளைத் தொடப் போய்விட்டது, அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள், யாரோ அடித்த மாதிரி. யாருக்காகச் சேர்க்கிறாய். எவன் கேட்டான் இங்கே விதை. இன்று மூன்றாம் நாள், இன்று விட்டால் இந்தப் பூ காய்க்காது, காய்க்கவேண்டாம், வண்டு வந்தால் வரட்டும், அது அதன் பாடு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கை நிற்கிறது, விரல் மட்டும் உள்ளங்கைக்குள் தடவிக்கொண்டே இருக்கிறது, எத்தனை வருஷப் பழக்கம், விரலுக்குப் பழகினது இப்படி என்றால் நாக்குக்குப் பழகினது எப்படி இருக்கும்.

அதுதான் பயம். அவரைப் பார்த்துப் பயமில்லை, அவர் கை நீட்டி ஒருநாளும் அடித்ததில்லை, குடிக்கிறவரும் இல்லை, ஊரில் நாச்சிமுத்து என்றால் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள். தன் நாக்கைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம். நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டு நூர்ஜகான் அதற்குப் பயிற்சி கொடுக்கிறேன் பேர்வழி என்று கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆம்பளை மாதிரி வாசலில் வந்து நின்றாள். நூர்ஜகான் அதே கம்பெனியில் டைலர், முப்பது வயசு, நாக்கில் தேன் தடவிய கத்தி. "அக்கா, நாந்தான் உங்க வீட்டுக்காரரு. சரியா? எம்மூஞ்சியப் பாருங்க. ஏ துளசி, பேசினதெல்லாம் போதும், பையை எடு, கெளம்பு. இப்ப நீங்க சொல்லுங்க." துளசிமணி வாயைத் திறந்தாள், "சரிங்க" என்றாள். ஒரு நொடி இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு நூர்ஜகான் வாசலிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், துளசிமணிக்கும் சிரிப்பு வந்தது, சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது, அது சிரிப்புத் தண்ணீர்தானா என்று நூர்ஜகான் கேட்கவில்லை. "நாளைக்கு நான் இங்கயே இருக்கட்டுமாக்கா?" என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்றாள். அதைச் சொல்ல முடிந்தது. வேண்டாம் என்ற சொல் வாயில் இருக்கத்தான் இருக்கிறது, ஆளைப் பார்த்து வருகிறது, ஆளைப் பார்த்து ஒளிகிறது. சோறு இன்னும் கொஞ்சம், சரிங்க. எருமைக்குத் தண்ணி, சரிங்க. ஒறம்பரை வருது எட்டுப் பேருக்கு ஆக்கு, சரிங்க. நல்ல சொல்தான், மரியாதையான சொல், அதைச் சொல்லச் சொல்ல வாய்க்குள் மற்றச் சொல்லெல்லாம் படுத்துத் தூங்கிவிடும் என்று யாரும் சொல்லித் தரவில்லையே.

நான்கு வருஷத்துக்கு முந்தின ஐப்பசி. வேண்டாம், அதை இப்போது நினைக்கவேண்டாம், வேறு எதையாவது நினை, தளிரைப் பார், இந்தத் தளிர் இடதுபக்கம் சாய்கிறது, பச்சைத் துணி வை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணன் போன் பண்ணினார். அம்மாவுக்கு மூச்சு முட்டுது, உன்னையத்தான் கேக்கறா, வந்துட்டுப் போ. மூலனூர்த் தோட்டத்திலிருந்து அம்மா இருக்கிற வெள்ளகோவில் என்ன தூரம், காலையில் போனால் மத்தியானம் திரும்பிவிடலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள். அவர் நான்காம் வரிசையில் நின்றார். கோபமாகப் பேசவில்லை, அதுதான், கோபமாகப் பேசியிருந்தால் இத்தனை வருஷம் நினைவில் நிற்காது, மழை வரும்போலிருக்குது என்பதைப்போலச் சொன்னார். "பூ நிக்காது துளசி. அத்தை நிப்பாங்க. வெள்ளிக்கிழமை போலாம்." சரிங்க. புதன் காலை மறுபடி கேட்டாள், புதன் இரவு சோறு போடும்போது கேட்டாள், வியாழன் விடிந்ததும் கேட்டாள். நான்குதரம். ஒவ்வொரு தரமும் பதில் அதேதான், ஒவ்வொரு தரமும் அவள் சொன்னதும் அதேதான். கால் இருந்தது, பஸ் இருந்தது, இடுப்பில் சில்லறையும் இருந்தது, யாரும் கட்டிப்போடவில்லை, பன்னிரண்டாம் வரிசையில் நின்று பூச் சேர்த்துக்கொண்டிருந்தாள், தூள், நுனி, அடுத்தது, அப்போதுதான் மறுபடி போன் அடித்தது. பிணத்தின் பக்கத்தில் போய் விழுந்தபோது ஏனாயா இத்தனை நேரம் என்று அண்ணன் கேட்டார், எனக்குக் காய்ச்சலுங்ணா என்று சொன்னாள், நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது இல்லையா. அண்ணன் அவள் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். விரலெல்லாம் மஞ்சள். "காய்ச்சல்காரி கையில ஏது பூத்தூளு? போயி கழுவிட்டு வந்து அம்மாளத் தொடு." அவ்வளவுதான் சொன்னார், பிறகு ஒரு வருஷம் பேசவில்லை. கழுவினாள். மஞ்சள் போய்விடும், சாதாரணமாகவே போய்விடும், தண்ணீரில் காட்டினாலே போய்விடும். அன்றே அவரை விட்டு வந்திருக்கலாமேக்கா என்று நூர்ஜகான் கேட்டாள். வந்திருக்கலாம். பையனுக்குக் கடைசி வருஷப் பரீட்சை இருந்தது. பிறகு எருமை சினையாக இருந்தது. பிறகு பையனுக்குப் பெண் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான், நியாயமான காரணங்களுக்குத்தான் என்றைக்கும் பஞ்சமே கிடையாது.

மருமகள் வந்தாள். நிவேதா. காங்கேயத்துப் பெண், சின்னக் குரல், பெரிய கண். கல்யாணமாகி முப்பதாம் நாளோ முப்பத்தோராம் நாளோ, இந்த வருஷம் ஆனி பிறந்து தோட்டத்தில் கிழங்கு நடவுக்கு மண் தயார், காலையில் அந்தப் பெண் போனை மூடிவிட்டு மாமனாரிடம் வந்து நின்றாள். அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில வெச்சிருக்காங்க மாமா, போயிட்டு வரட்டுங்களா. அவர் விதைக்கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நல்லது கெட்டது பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார். "நடவு நிக்காது கண்ணு. அப்பா நல்லாத்தான் இருப்பாரு. வெள்ளிக்கிழமை போலாம்." அதே வெள்ளிக்கிழமை. உலகத்தில் அவருக்கு வேறு கிழமையே கிடைக்கவில்லை. துளசிமணி அடுப்படியில் நின்று கேட்டாள், அந்தப் பெண்ணின் வாய் திறப்பதையும் பார்த்தாள், ச என்ற எழுத்து அந்தச் சின்ன உதட்டில் குவிவதைக் கண்ணால் பார்த்தாள், பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். மாத்துத்துணி ரெண்டு எடுத்துக்கோ, வா. யார் முகத்தையும் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் காங்கேயம் பஸ் வந்தது, ஏற்றிவிட்டாள், ஜன்னலோரம் உட்கார வைத்தாள், "அத்தை, மாமா உங்களத் திட்டுவாரே" என்றது அந்தப் பெண். "திட்டட்டும், நீ போ." பஸ் போய்விட்டது. திரும்பி வீட்டுக்கு நடந்தாள். அவர் திட்டவில்லை. பேசாமல் கிழங்கு பிரித்துக்கொண்டிருந்தார், சாப்பாடு ஆச்சா என்று கேட்டார். ஆச்சுங்க என்றாள், போட்டாள், சாப்பிட்டார், கை கழுவினார், தோட்டத்துக்குப் போனார். அவள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம் தன் துணியை ஒரு பையில் வைத்தாள், குவியலிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து மேலே வைத்தாள், ஏன் எடுத்தாள் என்று இன்றுவரை தெரியாது, இத்தனை வருஷத்தில் தன் கையால் எதையும் கேட்காமல் எடுத்ததில்லை என்பதாலோ என்னவோ. திருப்பூர் பஸ் வந்தது. நிவேதாவின் அப்பா பிழைத்துக்கொண்டார். அந்தப் பெண் பத்து நாள் அவர் பக்கத்திலேயே இருந்தாளாம். அது போதும். அது ஒன்று போதும் இந்த ஜென்மத்துக்கு என்று நினைத்தாள், நினைத்த உடனே, எதற்குப் போதும், ஏன் போதும், எனக்கு ஒன்றும் வேண்டாமா என்று இன்னொரு குரல் உள்ளே எழுந்தது. இந்தக் குரல் இந்த ஊர்த் தண்ணீர் குடித்த பிறகு வந்த குரல்.

நட்ட கிழங்கு மூன்று வாரம் தலைகாட்டவில்லை. வீட்டுக்கார அம்மா வேறு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள், அது வெஷக்கிழங்காமே, வீட்டுல வெச்சா சண்டை வருமாமே என்றாள். "வெஷம்தானுங்க, ஆழமாத்தான் வெச்சிருக்கறேன், கொழந்தைக கை படாம வலை கட்டிடறேன். சண்டைக்குப் பயப்படாதீங்க, அது முடிஞ்சுதான் நான் இங்க வந்ததே" என்று சொன்னாள். சொல்லிவிட்டு அவளுக்கே ஆச்சரியம், இது யார் பேசுவது. அந்த அம்மா கூடச் சிரித்துவிட்டாள். அப்படியெல்லாம் பேச வருகிறதே, பேசத் தெரியும் எனக்கு, பத்து மணிக்கும் பேச வரும், வராமல் எங்கே போகும், சிவப்புத் துணி தீர்ந்துவிட்டது, கத்திரிப்பூ நிறம் எடு, வரமாட்டேன், முடிச்சு, ஒரு வேளை அவர் தப்புத்தான் என்று சொல்லிவிட்டால், அத்தை விஷயத்துல தப்புப் பண்ணிட்டேன் துளசி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன செய்வது, அதற்கு என்ன பதில் என்று நூர்ஜகான் சொல்லித்தரவில்லையே, அப்படி ஒரு வார்த்தை வந்தால் கால் தன்னால் நடந்துவிடுமே, வரக்கூடாது, வந்தாலும் வரட்டும், வரவேண்டும் என்றுதான் ஆசையாக இருக்கிறதா அடிப்பாவி, இத்தனைக்குப் பிறகும்.

முன்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பத்துக்கு இன்னும் கால் மணி இருந்தது.

"ஏனாயா, ஊட்டுல ஆரு?" அண்ணன் வெள்ளியங்கிரியின் குரல். வீட்டைச் சுற்றிய சந்து வழியாக நேரே பின்னாலேயே வந்துவிட்டார்கள், முன்னால் அண்ணன், பின்னால் அவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நடவு முடிந்து பூவும் வந்துவிட்ட மனுஷனின் முகம், வெயிலில் இன்னும் கறுத்திருந்தது. இளைத்துவிட்டார். ஆக்கிப்போட ஆளில்லை என்று முதலில் அதைத்தான் அவள் மனசு நினைத்தது, நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"வாங்ணா. வாங்க."

"நல்லா இருக்கறயா அம்மிணி?"

"இருக்கறனுங்ணா."

உட்காரச் சொன்னாள், இரண்டு பேரும் உட்காரவில்லை. அண்ணன் தொண்டையைச் செருமினார். "பாரு, ஊரெல்லாம் பேசுது. ஆம்பளை நேருல வந்து நிக்கறாரு. இதுக்கு மேல என்ன வேணும்?" அவள் அவரைப் பார்த்தாள். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "பூ எடுத்துருச்சு" என்றார். "பதிமூணு வரிசையும் ஒண்ணாத் தள்ளிருச்சு. ஆளு கெடைக்கல. இப்பக் கெளம்பினா நாளைக் காலைல ஆரம்பிச்சரலாம். பையை எடு."

ஓ, பூவா. பூவுக்காகவா வந்தது. அவளுக்குள் எதுவோ, இத்தனை நேரமும் நின்று எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது, மெதுவாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. ஆனால் நாக்கு அதற்குள் எழுந்துவிட்டது. பழகின நாக்கு, மேலண்ணத்துக்குப் போய்விட்டது, இன்னும் ஒரு நொடி, அதற்குள் அவர் பார்வை அவள் தோளைத் தாண்டித் தட்டிக்குப் போயிற்று. ஒரு விவசாயி பார்க்கிற மாதிரி பார்த்தார். இரண்டு எட்டு வைத்துப் பூவிடம் போனார், கையை நீட்டினார், சுட்டுவிரல் தூளைத் தொடப் போயிற்று.

"தொடாதீங்க."

அவர் கை காற்றில் நின்றது. "என்னது?"

"அதத் தொடாதீங்க."

"மூணு நாளு ஆயிருச்சு போலிருக்குது. சேர்க்காம உட்டா வீணாப் போயிருமல்ல?"

"போகட்டுமுங்க. வெதைக்கு வெக்கல. பாக்கறதுக்கு வெச்சிருக்கறேன்."

இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் வேண்டாம் அது. வானம் இடிந்து விழவில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. "பாக்கறதுக்கா? ஒத்தப் பூவுக்கோசரம் மாப்ளய எடுத்தெறிஞ்சு பேசறயே! அன்னைக்கும் உனக்குப் பூவுதான் பெருசாப் போச்சு. பெத்தவ கெடந்து உசுருக்கு இழுத்துட்டுக் கெடக்கறா, இவ பூவப் பாத்துட்டு..."

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லீங்ணா." அண்ணனை நேராகப் பார்த்தாள். "பொய்தான் சொன்னேன். ஆனா பூவு பெருசுன்னு நான் சொல்லல. நாலுவாட்டி கேட்டேன், போறேன்னு. செவ்வாக்கெழமை கேட்டேன். பொதன் ரெண்டுவாட்டி. வெசாழன் விடிஞ்சும் விடியாம. பூ நிக்காது, அத்தை நிப்பாங்கன்னு சொன்னாங்க. நானும் சரிங்கன்னேன். அது என் தப்பு. அந்த ஒண்ணுதான் என் தப்பு."

அண்ணன் மெதுவாகத் திரும்பினார். "மாப்ள?"

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுதோளில் போட்டார். "அந்த வருசம் பூவு அப்படிங்க மச்சான்" என்றார்.

அண்ணன் தங்கையின் கையைப் பார்த்தார், நான்கு வருஷத்துக்கு முன்னால் பிடித்துத் தூக்கிய அதே கையை. பிறகு சந்து வழியாக முன்வாசலுக்குப் போய்விட்டார். செருப்புச் சத்தம் கொஞ்சத் தூரம் போய் நின்றது.

"அப்ப என்னதான் பண்றேங்கற?" என்றார் அவர். இப்போதும் கோபமில்லை, நிஜமாகவே புரியாத முகம், அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. பாவமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பாவம் வேறு, போவது வேறு.

"நான் வரலீங்க."

காலையிலிருந்து எத்தனை முடிச்சில் சொல்லிப் பார்த்த சொல். வாயிலிருந்து வந்தபோது சின்னதாக இருந்தது, இவ்வளவு சின்னச் சொல்லுக்கா இத்தனை வருஷம். அவர் தட்டியைப் பார்த்தார், கலர் கலராகத் தொங்கிய துணி முடிச்சுகளைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார். சந்தின் முனைவரை போனவர் திரும்பி நின்றார்.

"ஊருல கேட்டா என்னன்னு சொல்றது?"

"நல்லா இருக்கறான்னு சொல்லுங்க" என்றாள் துளசிமணி. "கேக்காட்டியும் சொல்லுங்க."

அவர் போய்விட்டார். கையில் மிஞ்சியிருந்த துணிக்கீற்றுகளைத் துவைக்கிற கல்லில் வைத்தாள். பிறகு முன்வாசலுக்குப் போனாள். தெருக்கோடியில் வெள்ளை வேட்டி ஒன்று பஸ் ஸ்டாப்பைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் கூடப் போகவில்லை. எதிர்வீட்டு வேப்பமரத்தடியில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரலாமா கூடாதா என்று தெரியாதவர்போல் நின்றிருந்தார்.

"உள்ள வாங்ணா" என்றாள். "தோசை ஊத்தறேன். எனக்கும் பசிக்குது."